படி எந்தப் பக்கம்?

இன்று காலை நம் வீடியோ கேமை விற்கும் இணையக் கடைப் பக்கத்தில் யாரோ ஒருவர் எழுதியிருந்த சில வரிகளைப் படித்தேன். படித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் உன் மைக் இருந்தது. அதன் தலையில் மாட்டும் கறுப்புப் பஞ்சுத் தொப்பி கழன்று தனியாகக் கிடந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். தைல வாசனை. நீ போய் ஒரு மழைக்காலம் முழுசாகக் கழிந்துவிட்டது, இந்தப் பஞ்சுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

நெற்றியிலும் மூக்கிலும் தைலத்தை அப்பிக்கொண்டு, மைக்கைக் கடித்துவிடுவதுபோல நெருங்கி உட்கார்ந்துதான் பேசுவாய். "தள்ளி வெச்சுப் பேசுடி, இரையுது" என்றால், "எந்தக் கண்டக்டர்டி தள்ளி நின்னு பேசுறான்? காதுக்குள்ளதான் கத்துவான்" என்பாய். அந்த இரைச்சலை எடுப்பதற்கு எனக்கு எத்தனை மெனக்கெடல் என்று உனக்குத் தெரியாது. தெரிந்தாலும் நீ தள்ளி உட்கார்ந்திருக்க மாட்டாய்.

களைப்பாக இருக்கிறது. அழுது களைத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அழுகையெல்லாம் எப்போதோ ஓய்ந்துவிட்டது. இது ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தவளின் களைப்பு. விரல் நகத்தளவு படம். அதைப் பார்த்துத்தான் ஒருத்தர் நம் கேமைத் திறப்பதா, தாண்டிப் போவதா என்று முடிவு செய்கிறார். ஊரில் எல்லாரும் அதைத் தம்நெயில் என்பார்கள். நீ மட்டும் மூஞ்சி என்பாய். "மூஞ்சி ரெடியா?" என்று போனில் கேட்பாய். பக்கத்தில் இருப்பவர்கள் நீ ஏதோ பேய் வேஷம் கட்டுகிற ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

நம் இரண்டு பேரையும் சேர்த்து வைத்ததே சிதம்பரத்து ஹாஸ்டல் அறைதான். நீ கடலூர் துறைமுகத்தை ஒட்டிய மீனவர் தெரு. நான் குமராட்சிக்குப் பக்கத்தில், நெல்லும் வெள்ளமும் மாறி மாறி விளையும் ஊர். நீ கம்ப்யூட்டர் படித்தாய். நான் என்ன படித்தேன் என்பது எனக்கே மறந்துவிட்டது, நோட்டுப் பின்னட்டையில் படம் போட்டதுதான் நினைவிருக்கிறது. படிப்பு முடிந்து நீ கடலூரில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதினாய். நான் சிதம்பரம் மேலவீதிப் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர் ஆனேன். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. இன்றைக்கும் அதே நாற்காலிதான்.

கேம் பிறந்த இடம் திருவந்திபுரம். அதை நீ எல்லாரிடமும் ஒரு மாதிரி சொல்வாய், நான் ஒரு மாதிரி சொல்வேன். இப்போது நான் சொல்வதுதான் சரி, மறுத்துப் பேச நீ இல்லை.

உன் அக்காவின் கல்யாணம். தேவநாத சாமி கோயிலில் பெரிய முகூர்த்த நாள். அங்கே முகூர்த்தம் என்றால் எப்படி இருக்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் ஒரு கல்யாணம், படிக்கட்டில் ஒரு கல்யாணம், மண்டபத்துக்கு மண்டபம் ஒரு கல்யாணம். எல்லா மாப்பிள்ளைக்கும் அதே பட்டு வேட்டி, எல்லாப் பெண்ணுக்கும் அரக்குப் புடவை, கழுத்து தெரியாமல் மாலை. மேளம் எந்தக் கூட்டத்துக்கு அடிக்கிறது என்று மேளக்காரருக்கே சந்தேகம் வந்துவிடும். நான் சிதம்பரத்திலிருந்து பஸ் மாறி மாறி, கையில் ஒரு சுவர்க் கடிகாரப் பொட்டலத்தோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தேன். உன் அக்காவை அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன்.

ஒரு பெரியவர், "பொண்ணு வூடா, மாப்ள வூடா?" என்றார். "பொண்ணு வூடு" என்றேன். "அப்ப முன்னாடி வாம்மா, ஏன் பின்னாடி நிக்கிற?" என்று கையைப் பிடித்து இழுத்து முதல் வரிசையில் நிறுத்தினார். தாலி ஏறியது. அட்சதை போட்டேன். குனிந்த தலை நிமிராத மணப்பெண்ணிடம் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு, போட்டோவுக்கும் பல்லைக் காட்டினேன். பெண் நிமிர்ந்து பார்த்தாள். உன் அக்கா இல்லை. மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் வீடென்றும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடென்றும் நினைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் மரியாதையாகச் சிரித்தார்கள்.

அப்போதுதான் கூட்டத்துக்கு மேலே அந்தக் குரல் வந்தது. "குமராட்சி குமராட்சி குமராட்சேய்! படியில நிக்காத, உள்ள ஏறு ஏறு ஏறு!"

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் மினி பஸ் கண்டக்டர் கத்துவானே, அசல் அதே குரல். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் ஒருத்தி மட்டும் குரல் வந்த பக்கம் ஓடினேன். நீ படிக்கட்டில் பட்டுப்பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, ஒரு கையைக் கூட்டத்துக்கு மேல் நீட்டி நின்றாய்.

"பேரச் சொல்லிக் கூப்புட்றதுக்கு என்னாடி?" என்றேன்.

"ஒன் பேரச் சொன்னா இந்தக் கோயில்ல எத்தினி பேரு திரும்புவாளுங்க? குமராட்சின்னா நீ ஒருத்திதான் ஓடியாருவ."

அந்தக் கடிகாரம் யார் வீட்டுச் சுவரிலோ இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். நீ சாகும்வரை அதைச் சொல்லிச் சிரித்தாய். சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் பாயசம் ஓடுவதைக் கூடக் கவனிக்காமல், "இதையே ஒரு கேமா பண்ணலாம்டி" என்றாய். கல்யாணத்தையா என்று கேட்டேன். "இல்லடி. மினி பஸ்ஸ."

அப்படித்தான் 'ஏறு ஏறு' வந்தது. சிதம்பரத்திலிருந்து குமராட்சிப் பக்கம் போகும் கடைசி மினி பஸ். மழை. ரோட்டில் கொள்ளிடத்துத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. விளையாடுகிறவர்தான் டிரைவர். வழியில் நனைந்துகொண்டு நிற்பவர்களில் யாரை ஏற்றுவது, யாரை விடுவது, எந்தத் தண்ணீரில் இறங்குவது, எதில் திரும்புவது. அவ்வளவுதான். ஆனால் ஏறுகிற ஒவ்வொருவரும் பேசுவார்கள். எல்லாக் குரலும் நீ. கண்டக்டர் நீ, நாற்று நட்டுவிட்டு வரும் பெண்கள் நீ, பண்ருட்டி பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு அதற்கு டிக்கெட் கேட்காதே என்று சண்டை போடும் ஆளும் நீ. பெயரை ஆங்கில எழுத்தில் போட்டபோது என் கடை முதலாளி எட்டிப் பார்த்து, "எரு எருவா? என்னம்மா, உரக் கம்பெனி விளம்பரமா?" என்று கேட்டார். அதையும் நீ ஒரு பயணியின் வசனமாக உள்ளே வைத்துவிட்டாய்.

நடுவில் உனக்குக் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போகவில்லை. ரத்தத்தில் கோளாறு என்றார்கள். புதுச்சேரிக்கும் கடலூருக்குமாக அலைந்தாய். முடி கொட்டியபின் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தாய். கடைசியாகப் பதிந்தது கேமில் ஏறும் ஒரு அம்மாவின் குரலை. மழைக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து, கடைசி நிறுத்தத்தில்தான் இறங்குவாள். அவள் இறங்கினால் கேம் முடியும். அவள் பேசும் நடுவில் உனக்கு இருமல் வந்துவிட்டது. விடாத இருமல். தண்ணீர் கொடுத்தேன். அடங்கியதும், "அத வெட்டிட்டு மறுபடி எடுக்கலாமா?" என்றேன்.

"இருக்கட்டும்டி. மழையில நனைஞ்சவ இருமாம பாட்டா பாடுவா?"

இன்னொன்றும் கேட்டேன். கடைசி நிறுத்தத்தில் அவளை இறக்கிவிடாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனால் என்ன ஆகும், அங்கே ஒரு தடுப்புப் போட வேண்டாமா என்று. தலையில் சுற்றிய துண்டை அவிழ்த்து இறுக்கிக்கொண்டாய். பிறகு, "எதுக்குத் தடுப்பு? ஓட்டுறவன் ஓட்டட்டும். இந்த மழையில யாரு மனசு வந்து எறக்கிவுடுவா?" என்றாய். தடுப்புப் போடவில்லை. அது அப்படியே இருக்கிறது.

இனி மூஞ்சிக்கு வருகிறேன்.

முதல் படத்தை நான் எவ்வளவு ஆசையாக வரைந்தேன் தெரியுமா? பஸ், பஸ்ஸுக்குள் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம், கூரைமேல் மூட்டை, மழை, வாய்க்கால், பனைமரம், தூரத்தில் கோபுரம், கோபுரத்துக்கு மேல் மின்னல். பெரிய திரையில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. நீ பெரிய திரையில் பார்க்கவே இல்லை. போனுக்கு அனுப்பச் சொல்லி, இணையக் கடைப் பக்கத்தில் மற்ற கேம்களின் படங்களுக்கு நடுவே அதைச் செருகி, கையை நீட்டித் தூரமாகப் பிடித்தாய்.

"இது மூஞ்சியா, காதுகுத்து பேனரா?"

"ஏன்?"

"தாய்மாமன் தனியா, சித்தப்பன் தனியா, மச்சான்மாரு வரிசையா, கடைசில காது குத்துற புள்ளைய காணும்."

கோபம் வந்தது எனக்கு. ஆனால் நீ சொன்னது சரிதான். தினமும் அதே வேலைதானே செய்கிறேன். ஒருத்தர் முகத்தை விட்டுவிட்டால் ஃப்ளெக்ஸை வாங்காமல் போய்விடுவார்கள். பங்காளி படம் சின்னதாகப் போனதற்காகக் கடை வாசலில் நின்று சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எதையும் விட்டுவிடாமல் வரையப் பழகிய கை அது. எதையெல்லாம் விடுவது என்பது அதற்குத் தெரியவில்லை.

"திருவந்திபுரத்து முகூர்த்தம்டி இது" என்றாய் நீ, போனைத் தட்டிக்கொண்டே. "இத்தினி கல்யாணத்துல ஒங்க கல்யாணம் எதுன்னு ஒருத்தி ஓடியாரணும். நீ எல்லாருக்கும் அரக்குப் பொடவ கட்டிவுட்டுருக்க."

இரண்டாவது படத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து காட்டினேன். இந்தத் தடவை நிறைய எடுத்துவிட்டிருந்தேன். பஸ் மட்டும், பக்கவாட்டில். கொஞ்சம் மழை. பார்க்கிறவர் கண் இடமிருந்து வலமாகப் போகும், அதனால் வண்டியும் வலப்பக்கம் பார்த்துப் போவதுதான் நல்லது என்று எங்கோ படித்திருந்தேன். நான் வரைந்த பஸ் இடப்பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் படம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிவிடும். திருப்பினேன். போர்டில் குமராட்சி இடவலம் மாறிப் போனது, அதை மட்டும் அழித்து நேராக எழுதினேன். எனக்கு ரொம்பத் திருப்தி.

நீ தலையணையில் சாய்ந்துகொண்டு பார்த்தாய்.

"படி எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம்னா?"

"வண்டி அந்தாண்ட போவுது. படி இந்தாண்ட இருக்கு. எறங்குறவ நடுரோட்டுல எறங்குவா. எதுக்க லாரி வரும்."

"இது படம்டி."

"படத்துல லாரி வராதா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நம் ஊரில் ரோட்டோரம் நிற்பவளுக்குப் படி தெரிகிற பக்கமிருந்து பார்த்தால், பஸ் அவளுடைய இடது கைப்பக்கம்தான் போகும். வேறு வழியே இல்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறேன், அப்படித்தான் முதலில் வரைந்தும் இருக்கிறேன். விட்டுக்கொடுக்க மனசில்லாமல், "அமெரிக்காவுல படி இந்தப் பக்கந்தான் இருக்குமாம்" என்றேன்.

"அப்ப அமெரிக்காக்காரன் ஏறட்டும். எறங்குறது நம்ம ஜனமாச்சே."

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த அம்மா இதைக் கேட்டுவிட்டு, பஸ்ஸில் என்ன விபத்து என்று விசாரித்தார். நீ சிரிக்கப் போய் மறுபடி இருமினாய். கேம் வெளிவரும் நாளை முன்பே சொல்லிவிட்டிருந்தோம். "இப்பக்கி இதையே போடு. வூட்டுக்கு வந்ததும் குந்தி மாத்தலாம்" என்றாய். போட்டேன். நீ வீட்டுக்கு வரவில்லை.

உன் கண்ணீர் அஞ்சலி பேனரையும் நான்தான் செய்தேன். வேறு யாரிடமும் கொடுக்க மனசில்லை. ஆளுயர உன் முகம், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். தெருமுனையில் கட்டினார்கள். அந்தத் தெருவில் உன்னைத் தெரியாதவர் யாருமில்லை, அவர்களுக்கு எதற்கு அத்தனை பெரிய படம்? உன்னைத் தெரியாத உலகம் மொத்தத்துக்கும் என்னிடம் இருந்தது நகத்தளவு இடம். அதில் படி தப்பான பக்கத்தில் இருந்தது.

காரியம் முடிந்து சில வாரம் கழித்து கடலூருக்குப் போனேன். உன் அம்மா எனக்குக் குழம்பு ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார். "பாப்பா, அவ கொரலு அந்த கேமுல இருக்குதாமே?" என்றார். இருக்கிறது என்றேன். போட்டுக் காட்டட்டுமா என்றதற்கு, வேண்டாம் என்று தலையாட்டினார். மறுபடி குழம்பு ஊற்றிக்கொண்டே, "யாராச்சும் கேக்குறாங்களா?" என்றார்.

கேட்கிறார்கள் அம்மா, நிறையப் பேர், என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் கேட்க ஆளில்லை. இணையக் கடைக்காரர்கள் ஒரு கணக்குக் காட்டுவார்கள், நம் மூஞ்சி எத்தனை பேர் கண்ணில் பட்டது, எத்தனை பேர் அதைத் தொட்டார்கள் என்று. கண்ணில் பட்டவர்கள் ஏராளம். தொட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உள்ளே வந்தவர்கள் போகவில்லை, அது ஒரு ஆறுதல். நீ பேச ஆரம்பித்ததும் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் வாசலுக்கு வர வேண்டுமே. நீ உள்ளே உட்கார்ந்து குமராட்சி குமராட்சி என்று கத்திக்கொண்டிருக்கிறாய். படத்துக்கு வாய் கிடையாது. கதவை யாராவது திறந்தால்தான் உன் குரல் கேட்கும்.

அதற்குப் பிறகு வரைந்த படங்களைச் சொன்னால் நீ கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்து சிரித்திருப்பாய். மழையை மட்டும் வைத்து ஒன்று. பெயரை மட்டும் பெரிதாக எழுதி ஒன்று. ஸ்டியரிங் மட்டும் ஒன்று. கேம் தொழிலில் இருக்கும் ஒரு தம்பி, "அக்கா, ஒரு மூஞ்சி போடுங்க, கண்ண முழிச்சி வாயப் பொளந்துகிட்டு இருக்கணும், அதான் இப்ப ஓடுது" என்றான். வெட்கத்தை விட்டு அதையும் வரைந்தேன். வாயைப் பிளந்த ஒரு டிரைவர், பின்னால் சுனாமி மாதிரி வெள்ளம். கூட்டம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. ஏதோ சாகசம் என்று நம்பி ஏறியவர்கள், பலாப்பழத்துக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்ற சண்டையை எதற்குக் கேட்கப் போகிறார்கள்? தப்பான கல்யாணத்தில் அட்சதை போட்ட என்னைப் போலத்தான் அவர்களும். அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். மறுபடி பழையது. பகலெல்லாம் கடையில் மாமன் மச்சான் முகங்களை ஒட்டிவிட்டு, சாயங்காலம் வந்து இதன் முன்னால் உட்கார்ந்தால், பேனாவைத் தூக்கவே கை வராது. விட்டுவிடலாம் என்று பலமுறை தோன்றியது. விட்டுவிட்டால் உன் அம்மாவிடம் சொன்னது நிரந்தரப் பொய்யாகிவிடும் என்பதால்தான் விடவில்லை.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் ஊருக்குப் போகச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். நல்ல மழை. வண்டிகளெல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தன. முன்கண்ணாடியில் புகை மாதிரி ஈரம், போர்டு ஒன்றும் புரியவில்லை. சட்டென்று என்னைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரு பக்கமாக ஓடினார்கள். நானும் ஓடினேன். ஓடும்போதுதான் எதைப் பார்த்து ஓடுகிறோம் என்று கவனித்தேன். ஒரு மினி பஸ் படியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, வா வா என்று மழையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. முகம் தெரியவில்லை. குரலும் மழையில் கேட்கவில்லை. கையைப் பார்த்தே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நீ திருவந்திபுரத்துப் படிக்கட்டில் நீட்டிக்கொண்டு நின்றாயே, அதே மாதிரி. உன் குரல்தான் என்னைக் கூப்பிட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். குரல் திரும்பிப் பார்க்க வைத்தது. கூட்டத்தில் வழி தெரிந்தது அந்தக் கையைப் பார்த்துத்தான்.

வீட்டுக்குப் போய் ஈரத்தோடு உட்கார்ந்து வரைந்தேன். படத்தில் பாதி, கை. படியிலிருந்து பார்க்கிறவரை நோக்கி நீண்ட கை. பின்னால் இருண்ட பச்சையில் பஸ்ஸின் ஒரு துண்டு, உள்ளே ஒரு மஞ்சள் விளக்கு. இரண்டே வார்த்தை, ஏறு ஏறு. கோபுரம் இல்லை, பனை இல்லை, ஜன்னலில் ஒரு முகம்கூட இல்லை. என் கை தானாக ஒரு பனைமரத்தை வைக்கப் போனது, அடித்து இழுத்துக்கொண்டேன். வண்டி இடப்பக்கம்தான் போகிறது. யார் கண் எந்தப் பக்கம் போனாலும் போகட்டும், படி நிற்கிறவர் பக்கம் இருக்கிறது. மணிக்கட்டில் நீ கட்டியிருந்த கறுப்புக் கயிற்றையும் போட்டேன். "என் மூஞ்சியப் போட்ட, செத்தாலும் பேயா வந்து புடிப்பன்" என்று நீ மிரட்டியது நினைவிருக்கிறது. கை மூஞ்சி இல்லையே. கோபித்துக்கொள்ளாதே. கோபம் வந்தால் பேயாக வா, எனக்கு ஆட்சேபம் இல்லை.

அந்த வாரமே கடலூருக்குப் போனேன். உன் அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். இணையக் கடைப் பக்கத்துப் படங்களுக்கு நடுவே இதையும் செருகி, நீ செய்வதுபோலவே போனைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, "இதுல அவ கேம் எதும்மா?" என்றேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். செதில் ஒட்டிய விரல் நேராக வந்து கைமேல் நின்றது.

"கயித்த இறுக்கிக் கட்டிப்புட்ட. அவளுது தொளதொளன்னு முழங்கை வரைக்கும் ஓடும்" என்றார். பிறகு மீனைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே படத்தில் கயிற்றைத் தளர்த்தினேன். மறுநாள் கடைப் பக்கத்தில் பழைய படத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டேன்.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை, கதையில் வருவதுபோல. கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்கள். நம் மினி பஸ் மாதிரிதான், ஒரு நிறுத்தத்தில் இரண்டு பேர், இன்னொன்றில் யாருமில்லை. ஆனால் வருகிறார்கள். இன்று காலை வந்த அந்த வரிகளைச் சொல்கிறேன், கேள்.

எழுதியவர் எங்கோ பனி கொட்டும் தேசத்தில் இருக்கிறார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாதாம், கீழே ஓடும் எழுத்தைப் படித்துத்தான் விளையாடினாராம். அந்தக் கை தன்னையே கூப்பிட்டது மாதிரி இருந்தது என்கிறார். வண்டி தப்பான திசையில் போகிறதே என்று முதலில் நினைத்தாராம், பிறகுதான் படி தன் பக்கம் இருப்பதைக் கவனித்தாராம். முன்சீட்டு அம்மா இருமும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்தேன் என்று எழுதியிருக்கிறார். அப்படி ஒரு கட்டளை கேமில் கிடையாதே, நீயும் நானும் வைக்கவில்லையே. அவராகக் குறைத்திருக்கிறார். கடைசி நிறுத்தம் வந்துவிட்டது, அந்த அம்மா துண்டைப் போர்த்திக்கொண்டு எழுந்துவிட்டார், எனக்கு மனசு வரவில்லை, வண்டியைத் திருப்பிச் சிதம்பரத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன், இப்போது மறுபடியும் மழையில் போய்க்கொண்டிருக்கிறோம், அவரை இறக்கிவிடாமலே இருக்க ஏதாவது வழி உண்டா, என்று கேட்டிருக்கிறார்.

உன் அம்மாவுக்குப் போன் போட்டு, கேக்குறாங்கம்மா, என்றேன். இந்தத் தடவை பொய் இல்லை.

பிறகு பஞ்சுத் தொப்பியை மைக்கில் மாட்டி, அலமாரியில் வைத்துவிட்டு வந்து அவருக்குப் பதில் எழுதினேன். வழி இருக்கிறது, செய்தவள் தடுப்பு எதுவும் போடவில்லை, ஓட்டிக்கொண்டே இருக்கலாம் என்று. இறங்கும்போது அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்வாள், அது என்ன என்று கேட்காதீர்கள் என்றும் எழுதினேன். பதிந்த அன்று உன் வாயால் கேட்டதோடு சரி. அதற்குப் பிறகு நானும் ஒரு தடவைகூட அவளை இறக்கிவிட்டதில்லை.